நான்காம் ரீல்

ரேடாரில் மழை என்றார்கள்.
ஏரியின் மேல் ஒரு பச்சைத் திட்டு
கரையை நோக்கி நகர்கிறதாம்.
புரொஜெக்டர் அறைக்கு வெளியே வந்து அண்ணாந்தேன்.
ஒஹாயோ வானத்தில்
ஒரு பொட்டு மேகம் இல்லை.

வெர்ன் ஸ்டக்கிக்குப் பழைய படங்கள்தான் கட்டுப்படியாகும்.
திறந்தவெளி, அறுபது கார், ஆளுக்கு மூன்று டாலர்.
டிக்கியில் ஒளிந்து வரும் பையன்களை
அவர் பார்க்கவில்லை என்பதாக ஓர் ஒப்பந்தம்.

அந்த ஜூன் கடைசியில் வந்த பெட்டியில்
தும்பிகளின் படம்.
எனக்கும் அதற்கும் ஒரே வயது, முப்பத்தெட்டு.
சாயம் போய்ப் போய்
முழுப் படமும் ரோஜா நிறம்.
ரத்தம், வானம், ஷெரீஃபின் சட்டை
எல்லாம் ஒரே தொட்டியில் முக்கி எடுத்தவை.

கதை உங்களுக்கே தெரிந்திருக்கும்.
ஆலைக்காரன் சதுப்பில் எதையோ கொட்டுவான்.
சுருட்டுப் பிடிப்பவன் முதலில் சாவான்.
காதலர்கள் படகில் போவார்கள்,
படகு திரும்பி வரும்.
ஷெரீஃப் நம்ப மாட்டார்.
வெள்ளைக் கோட்டுக்காரர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து
"அவை ஏன் இப்படிச் செய்கின்றன என்றால்"
என்று ஆரம்பிக்கையில்
மூன்றாம் ரீல் தீரும்.

நான்காவது பெட்டியில் இல்லை.
ஐந்தாவதில் ஊர் எரிந்துகொண்டிருந்தது.

"ஒட்டிவிடு, யார் கேட்கப் போகிறார்கள்?"
வெர்ன் சொன்னார்.
மூன்றின் வாலில் ஐந்தின் தலையை ஒட்டினேன்.

ரப்பர் தும்பிகள். நைலான் நூல்
பின்வரிசைக் கார்களுக்கும் தெரியும்.
சிரித்துக்கொண்டே சோளப்பொரி தின்றார்கள்.
அப்போதுதான் ஒளிக்குள் ஒன்று வந்தது.
பின் ஏழெட்டு.
பின் எண்ணிக்கை என்ற பேச்சுக்கே இடமில்லை.
ஷெரீஃபுக்குத் தாடி முளைத்தது,
தாடி கண்ணுக்கு ஏறியது,
திரை முழுக்க மயிர் சிலிர்த்த ஒரு மிருகம்.

முதலில் கைதட்டினார்கள்,
வெர்ன் காசு செலவழித்து
ஏதோ வித்தை செய்கிறார் என்று.
(வெர்னைத் தெரியாதவர்கள்.)
பிறகு கண்ணாடிகள் ஏறின.
வைப்பர்கள் கூழை இழுத்தன.
அறுபது ஹாரன்.
ஒலிபெருக்கியில் ஒருத்தி அலறிக்கொண்டிருந்தாள்,
எந்த அலறல் எங்கிருந்து என்று
எனக்கே பிரித்துச் சொல்ல முடியவில்லை.

ஒரே ஒரு கதவு திறந்தது.
லியோ ப்ருசாக், தூண்டில் கடைக்காரன்,
இறங்கி நடந்து
ஒளியின் நட்ட நடுவில் நின்றான்.
தொப்பி, காது, புருவம், பீர் டப்பா
எல்லாம் சிறகு.
"வந்துட்டானுங்க!
கனடாச் சிப்பாயெல்லாம் திரும்பி வந்துட்டானுங்கடா!"

அவன் பத்து வயதில் கடைசியாகப் பார்த்தானாம்.
அதற்கப்புறம் ஏரியடிச் சேற்றுக்கு மூச்சு நின்றது,
பூச்சியும் நின்றது.
நான் பள்ளிக்கூடம் போகையில்
ஏரி செத்துவிட்டதென்று பத்திரிகையில் போட்டார்கள்.
எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்தச் செத்த ஏரிதான்.
அதில்தான் நீந்தக் கற்றேன்.

லியோ அழுதானா, சிரித்தானா, தெரியாது.
முகத்தில் முகம் இல்லை.

அவற்றுக்கு வாய் கிடையாது என்று பிற்பாடு படித்தேன்.
கடிக்க இல்லை. தின்ன இல்லை.
ஏன் வந்தோம் என்று சொல்ல இல்லை.
ஒரு ராத்திரி, ஒரு ஜோடி, தண்ணீரில் முட்டை,
விடியும்போது சருகு.

காலையில் பனி தள்ளும் மண்வாரியால்
கோடைக்காலத்தை வாரிக் கொட்டினேன்.
மீன் சந்தை நாற்றம்.
வெர்ன் பதினோரு காருக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு
மத்தியானம் வரை யாரோடும் பேசவில்லை.
லியோவின் பிக்கப் இன்னும் அங்கேயே நின்றது.
உள்ளே அவன் வாய் பிளந்து தூங்கினான்.

படத்தைத் திருப்பி அனுப்ப வேண்டும்.
பெட்டியோடு வந்த அட்டையில்
பழுது விவரம் என்று ஒரு கட்டம்.
எழுதினேன்:

ரீல் 3, கடைசி அடிகள்:
வெள்ளைக் கோட்டுக்காரரின் வாய்மேல்
சிறகு ஒன்று வெந்து ஒட்டியிருக்கிறது.
சுரண்டவில்லை.
ரீல் 4: வந்து சேரவில்லை.